தோளில் 4 கிலோ: வேட்டைத் துப்பாக்கிக்கு வார் தேர்வு செய்த கதை

(எபிசோடின் ஒலிப்பதிவைக் கொஞ்சம் திருத்தி எழுத்தாக்கியது. என்னுடைய "ம்"களையும், நடுவில் பக்கத்து வீட்டு நாய் குரைத்ததையும் வெட்டிவிட்டேன்.)

ஒரு எபிசோட் நாற்காலி பத்திப் பேசினோம், இன்னொன்று கீபோர்டு. இன்னைக்கு துப்பாக்கி வார். ஆமா, சரியாத்தான் படிச்சீங்க. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொள்ள உதவும் அந்தப் பட்டை. ஆங்கிலத்தில் ஸ்லிங்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் கமெண்டில் திட்டு விழும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது பொழுதுபோக்கு வேட்டை என்பதே கிடையாது. நான் பேசுவது நான் இப்போது வேலை பார்க்கும் கொலராடோவைப் பற்றி. இங்கே அக்டோபர், நவம்பரில் எல்க் வேட்டை சட்டப்படி, உரிமத்தோடு, எண்ணிக்கை வைத்து நடக்கிறது. எல்க் என்றால் நம்ம கடமானுக்கு அண்ணன் மாதிரி. வளர்ந்த ஆண் 300 கிலோவுக்கு மேல் இருக்கும்.

நான் எப்படி இதில் போய் மாட்டினேன்? எங்கள் டீமில் ஒரு ஆர்க்கிடெக்ட் இருக்கிறார், அறுபதைத் தொட்ட மனுஷர். பெரியவர் என்றே சொல்கிறேன். நேரில் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன், இங்கே அப்படித்தான், ஆனால் தமிழில் பேசும்போது எனக்கு அது வரமாட்டேங்குது. வருஷா வருஷம் அவர் வேட்டைக்குப் போவார், அடுத்த வருஷம் முழுக்கக் கடையில் மாமிசம் வாங்கமாட்டார். "கறி சாப்பிடறே இல்ல, ஒரு தடவை அது எங்கேயிருந்து வருதுன்னு வந்து பாரு" என்றார். நியாயமாகத்தான் பட்டது. வேட்டைப் பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன், அட்டை வாங்கினேன், உரிமம் எடுத்தேன்.

ஹெச்-1பியில் இருக்கிற மக்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பதுதான் ஃபெடரல் சட்டத்தின் பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் அதற்கு ஒரு விதிவிலக்கு. ஆனால் இதை பாட்காஸ்டில் கேட்டுவிட்டுக் கிளம்பாதீர்கள், வக்கீலிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். அம்மாவிடம் போனில் சொன்னபோது வந்த மௌனத்தைப் பற்றித் தனி எபிசோடே போடலாம்.

சரி, வாருக்கு வருவோம்.

பெரியவர் எனக்குக் கொடுத்தது ஒரு சாதாரண போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். ஸ்கோப், தோட்டா எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 4 கிலோ. "வார் மட்டும் உன் உடம்புக்கு ஏத்த மாதிரி நீயே வாங்கிக்கோ" என்றார். நான் என்ன செய்தேன்? இன்ஜினியர் ஆச்சே, ஸ்டார் ரேட்டிங் பார்த்தேன். அகலமான, பஞ்சு மாதிரி நியோப்ரீன் வைத்த, இழுத்தால் ரப்பர் மாதிரி நீள்கிற ஒரு வாரை ஆர்டர் போட்டேன். பெட்டியின் மேலேயே எழுதியிருந்தது, பாதி எடைதான் தெரியும் என்று. கடையில் தொட்டுப் பார்த்தால் தலையணை மாதிரி. மனசு அங்கேயே விழுந்துவிட்டது.

போன இடம் ஃப்ளாட் டாப்ஸ். வைல்டர்னஸ் என்று அறிவிக்கப்பட்ட காடு, மோட்டார் வண்டி எதுவும் உள்ளே போகக்கூடாது. ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம். எல்லாம் தோளில்தான். முதுகில் 14 கிலோ பை, வலது தோளில் துப்பாக்கி, எல்லாவற்றுக்கும் மேலே சட்டம் சொல்கிற ஒளிரும் ஆரஞ்சு நிற மேலங்கி. அந்த ஆரஞ்சு மேலங்கி வழவழவென்று இருக்கும் பாலியஸ்டர். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மத்தியானமே வார் தோளிலிருந்து வழுக்க ஆரம்பித்தது. பத்து அடிக்கு ஒரு தடவை தோளைத் தூக்கி மேலே ஏற்றிக்கொள்வேன். லேப்டாப் பையை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிண்டி ஸ்டேஷனில் ஓடியவர்களுக்கு அந்த அசைவு தெரியும். இரண்டாம் நாள் மூன்று மணி வாக்கில் வலது கையில் மதமதப்பு. விரல்கள் இருக்கிறது, ஆனால் யாரோ ஒருத்தர் விரல் மாதிரி இருக்கிறது. பனியில் ஒரு சரிவில் இறங்கிக்கொண்டிருந்தோம், குறுக்கே விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி. ஒரு மரத்தின் மேல் கால் வைத்தேன், உடம்பு சாய்ந்தது, வார் நழுவியது. பிடிக்கக் கையை மடக்கினேன், விரல் மடங்கவில்லை. துப்பாக்கி முழங்கை வரை சரிந்து, அங்கே மாட்டி, ஊசல் மாதிரி முன்னால் ஆடி, ஸ்கோப் ஒரு கிளையில் டங்கென்று இடித்தது.

அந்த ஆட்டத்தின் நடுவில், ஒரு அரை நொடி, துப்பாக்கியின் வாய் எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்த பெரியவரின் கால் பக்கம் திரும்பியிருந்தது.

அவர் சத்தம் கேட்டுத் திரும்பினார். பார்த்தார். ஒரே வார்த்தை: "சேம்பர்?" "காலி" என்றேன். நடக்கும்போது சேம்பரில் தோட்டா இருக்கக்கூடாது என்று முதல் நாள் காலையில் அவர்தான் அடித்துச் சொல்லியிருந்தார். போல்ட்டைத் திறந்து காட்டினேன். தலையை ஆட்டிவிட்டு நடந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

அன்றைக்குச் சாயங்காலம், கதையில் வருகிற மாதிரி, 200 மீட்டரில் ஒரு ஆண் எல்க் திறந்த வெளிக்கு வந்து பக்கவாட்டில் நின்றது. நான் சுடவில்லை. ஸ்கோப் இடித்திருக்கிறது, குறி நகர்ந்திருக்கலாம். நகரவில்லை என்று எனக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பி ரேஞ்சில் காகிதத்தில் சுட்டுப் பார்த்தபோது 100 மீட்டரில் 20 சென்டிமீட்டர் இடது பக்கம் போயிருந்தது. 200 மீட்டரில் அது 40. நுரையீரலுக்கு வைத்த குறி வயிற்றில் பட்டிருக்கும். அந்த மிருகம் இருட்டில் ஓடிப்போய் எங்கேயோ பல மணி நேரம் துடித்துச் செத்திருக்கும், நாங்கள் கண்டுபிடித்திருப்போமா என்பதும் சந்தேகம்.

இதற்கெல்லாம் மூல காரணம் தலையணை மாதிரி மெத்தென்று இருந்த ஒரு பட்டை. அதனால்தான் இந்த ஆராய்ச்சி.

முதலில் வலி எங்கேயிருந்து வருகிறது என்று பார்ப்போம். நான் நினைத்தது, எடை தோளை அழுத்துகிறது, மெத்தை வைத்தால் வலி குறையும் என்று. அழுத்தம் உண்மைதான். 4 கிலோ எடை, 2.5 செ.மீ. அகலப் பட்டையில், தோளின் மேல் ஒரு 10 செ.மீ. நீளத்துக்குப் படிகிறது என்றால் 25 சதுர செ.மீ. பரப்பு. பட்டையை 5 செ.மீ. ஆக்கினால் பரப்பு இரட்டிப்பு, அழுத்தம் பாதி. நல்ல கணக்கு. ஆனால் 4 கிலோ என்பது பெரிய எடையே இல்லை. ஒரு சின்னக் குழந்தையை விடக் குறைவு. அந்த எடை நின்ற இடத்தில் நின்றால் சாதாரணப் பட்டையே போதும்.

வலிக்கு நிஜமான காரணம் வழுக்கல். வார் வழுக்கும்போது நாம் அறியாமலே அந்தப் பக்கத்துத் தோளைக் காது நோக்கித் தூக்கி வைத்துக்கொள்கிறோம். கழுத்திலிருந்து தோள் வரைக்கும் ஓடுகிற தசை எட்டு மணி நேரம் விடாமல் இறுகியே இருக்கிறது. கையில் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டிப் பிடித்தால் பத்து நிமிஷத்தில் கை நடுங்குமே, அதே கதை. சாயங்காலம் வலிப்பது பட்டை அழுத்திய இடம் இல்லை, கழுத்து.

ஏன் வழுக்குகிறது என்பது பள்ளிக்கூட இயற்பியல். தோள் என்பது ஒரு சாய்தளம். சராசரியாக 20 டிகிரி சரிவு என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரிக்கு டேன் மதிப்பு 0.36. உராய்வுக் கெழு அதற்கு மேல் இருந்தால் வார் நிற்கும், கீழே இருந்தால் சரியும். வழவழப்பான நைலான் பட்டை வழவழப்பான நைலான் ஜாக்கெட்டின் மேல் என்றால் 0.2 அளவில்தான் வரும். சரியத்தான் செய்யும், நீங்கள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எடை கூடினால் நன்றாக அழுத்திப் பிடித்துக்கொள்ளும் என்று தோன்றும். இல்லை. சரியவைக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. பட்டையை அகலமாக்கினாலும் உராய்வு மாறாது. அகலம் அழுத்தத்துக்கு மருந்து, வழுக்கலுக்கு இல்லை. நான் வாங்கிய வாரின் மேல்பக்கம் நியோப்ரீன், சரி. தோளைத் தொடுகிற அடிப்பக்கம்? மெல்லிய வழவழ நைலான் துணி. கடையில் நான் டீஷர்ட் போட்டுக்கொண்டு பார்த்தேன், பருத்தி மேல் அது நன்றாகவே நின்றது. மலையில் அதன் கீழே இருந்தது ஆரஞ்சு பாலியஸ்டர்.

ஆகவே முதல் கேள்வி "மெத்தென்று இருக்கிறதா" இல்லை. "நான் போடப்போகிற சட்டையின் மேல் இது நிற்குமா?" அடிப்பக்கத்தில் சூயட் மாதிரி சொரசொரப்பான தோல், ரப்பர் கோடுகள் ஓடிய கான்வாஸ், இப்படி ஏதாவது வேண்டும். இது ஒன்று சரியாக இருந்தால் மீதியில் பாதிப் பிரச்சினை தானாகப் போய்விடுகிறது.

அடுத்து, அந்த ரப்பர் மாதிரி நீள்கிற விஷயம். இது எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதி எடைதான் தெரியும் என்று பெட்டியில் எழுதியிருந்தது பொய். சராசரி விசை எப்போதும் அதே 4 கிலோதான், அதை எந்தப் பட்டையாலும் குறைக்க முடியாது. நீளும் பட்டை செய்யக்கூடியது, ஒவ்வொரு அடிக்கும் வருகிற குலுக்கலின் உச்சத்தை மாற்றுவது. குறைக்கவும் செய்யலாம், கூட்டவும் செய்யலாம். எது நடக்கும் என்பது ஒரே ஒரு எண்ணைப் பொறுத்தது. துப்பாக்கியைத் தொங்கவிட்டால் பட்டை எத்தனை சென்டிமீட்டர் நீள்கிறது?

ஒரு ஸ்பிரிங்கில் எடையைத் தொங்கவிட்டு, அது எவ்வளவு இழுபடுகிறது என்று அளந்தால், அது நொடிக்கு எத்தனை தடவை மேலும் கீழும் ஆடும் என்று சொல்லிவிடலாம். எடையே தெரிய வேண்டாம். 5 செ.மீ. நீண்டால் நொடிக்கு 2.2 தடவை. 7.5 செ.மீ. என்றால் 1.8 தடவை. இப்போது நாம் நடக்கிற வேகம். சாதாரண நடையில் நிமிஷத்துக்கு 105, 110 அடி வைப்போம். அதாவது நொடிக்குக் கிட்டத்தட்ட 1.8.

பார்த்தீர்களா? ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி, என் ஒவ்வொரு காலடியும் துப்பாக்கியைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தது. ஒத்ததிர்வு. வீட்டுக்கு வந்து அளந்தேன், என் வார் 6 செ.மீ.க்குக் கொஞ்சம் மேல் நீண்டது. குலுக்கல் நிஜமாகவே குறைய வேண்டுமானால் 15 செ.மீ.க்கு மேல் நீள வேண்டும். அப்படி ஒரு வாரை மாட்டினால் துப்பாக்கி முட்டிக்கு வந்துவிடும். மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாக ஏறும்போது இந்த ஆட்டம் தெரியாது, அப்போது நிமிஷத்துக்கு 60 அடி வைத்தாலே பெரிது. சமதளத்திலும் இறக்கத்திலும்தான் டிங்கு டிங்கென்று ஆடும். ஆடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கும். என் துப்பாக்கி இறக்கத்தில் நழுவியது தற்செயல் இல்லை.

மதமதப்புக்கு வருவோம். அதில் வார் மட்டும் குற்றவாளி இல்லை. கனமான பைகளைச் சுமக்கிற ராணுவ வீரர்களுக்கும் மலையேறிகளுக்கும் ரக்சாக் பால்சி என்று ஒன்று வரும். கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புக் கற்றை தோள் பட்டைக்கு அடியில் நசுங்கி, கை பலவீனமாகிவிடும். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை, ராத்திரியே சரியாகிவிட்டது. ஆனால் செய்த தப்பு அதுதான். பையின் பட்டை ஏற்கெனவே அழுத்துகிற அதே இடத்தின் மேல் துப்பாக்கி வாரையும் போட்டேன். அதுவும் 7 செ.மீ. அகல வார் என்பதால் பைப் பட்டையின் மேல் ஏறி உட்கார்ந்தது, தள்ளிப்போட இடமே இல்லை. இடுப்பு பெல்ட்டையும் ஒழுங்காக இறுக்காததால் 14 கிலோவும் தோளில்தான் தொங்கியது.

அகலம் அதிகமானால் நல்லது என்ற என் நம்பிக்கை இங்கேதான் உடைந்தது. இன்னொன்றும் உண்டு. விறைப்பான அகலப் பட்டை சரிவான தோளில் முழுசாகப் படியாது, கழுத்துப் பக்கத்து விளிம்பு மட்டும் பதியும். காகிதத்தில் 7 செ.மீ., தோளில் 2 செ.மீ. என் தோளுக்கு, பையோடு நடக்கிற எனக்கு, 4 முதல் 5 செ.மீ. அகலத்தில் வளைந்து படிகிற பட்டை போதும். பை இல்லாமல் வயல் ஓரத்தில் நடப்பவருக்கு இன்னும் அகலம் வசதியாக இருக்கலாம், நான் சண்டைக்கு வரமாட்டேன்.

பொருள் பற்றிச் சுருக்கமாக. தோல் அழகு, சத்தமில்லாமல் படியும், வருஷக்கணக்கில் உழைக்கும். நனைந்தால் நீளும், எண்ணெய் போட்டுப் பராமரிக்க வேண்டும், எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நைலான் மலிவு, நனைந்தாலும் கவலையில்லை, வழுக்கும். பருத்திக் கான்வாஸ் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஈரம் குடித்து ராத்திரி உறைந்து காலையில் கட்டை மாதிரி நிற்கும். நியோப்ரீன் பற்றிப் போதுமான அளவு புலம்பிவிட்டேன். வெல்க்ரோ இருக்கிற எதையும் வாங்காதீர்கள். காட்டில் வெல்க்ரோ பிரிகிற சத்தம் கேட்டால் அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கிற எல்க் கூடக் கிளம்பிவிடும்.

பட்டையைப் பற்றியே யோசித்து, அது துப்பாக்கியில் எங்கே மாட்டுகிறது என்பதை நான் யோசிக்கவே இல்லை. கட்டையின் முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்டட் என்று சின்னக் குமிழ்கள் திருகியிருக்கும். அதில்தான் ஸ்விவல் வளையம் மாட்டும். முன் ஸ்டட் எவ்வளவு முன்னால் இருக்கிறதோ, தோளில் துப்பாக்கி அவ்வளவு கீழே இறங்கித் தொங்கும். பழைய ஐரோப்பிய ரைஃபிள்கள் பலவற்றில் அது கட்டையில் இல்லாமல் குழலிலேயே இருக்கும். யானை, எருமை வேட்டைக்கு என்று செய்த கனமான துப்பாக்கிகளிலும் அப்படித்தான், சுடும்போது பின்னால் உதைக்கிற ஸ்டட் முன்கையைக் கிழிக்காமல் இருக்க. என் ரைஃபிளில் வழக்கமான இடம்தான். அதனால் குழல் என் தலைக்கு மேல் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு கிளையையும் விசாரித்துக்கொண்டே வரும். ஸ்கோப் மேல்பக்கம் கனமாக இருப்பதால் துப்பாக்கி உருளப் பார்க்கும், போல்ட்டின் கைப்பிடி இடுப்பெலும்பில் வந்து குத்தும். வாரை ஒரு துளை மேலே ஏற்றினால் இரண்டு விரக்கடை மேலே போகும், குத்தல் போய்விடும். ஆனால் குளிருக்கு ஜாக்கெட் போட்டால் மறுபடி இறுகும். அதனால் நடந்துகொண்டே ஒரு கையால் நீளம் மாற்றக்கூடிய பக்கிள் இருக்கிற வார் வேண்டும். துளையில் குத்தி மாட்டுகிற வகை, கையுறை போட்ட கைக்கு ஒத்துவராது.

எப்படி மாட்டுவது என்பதிலும் இரண்டு கட்சி உண்டு. வாய் மேலே பார்த்து, வலது தோளின் பின்னால் மாட்டுவது அமெரிக்கன் கேரி. வாய் கீழே பார்த்து, இடது தோளில் முன்பக்கமாக மாட்டுவது ஆப்பிரிக்கன் கேரி. இரண்டாவதில் இடது கை எப்போதும் துப்பாக்கியின் மேலேயே இருக்கும், மழை உள்ளே இறங்காது, கிளையில் மாட்டாது, சட்டென்று தோளுக்கு வரும். ஆனால் பனியில் விழுந்து எழுந்தால் குழல் வாயில் பனியோ மண்ணோ அடைத்துக்கொள்ளும். அடைத்த குழலில் சுட்டால் குழல் வெடிக்கலாம். விழுந்தால் தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலைப் பார்க்காமல் அடுத்த அடி வைக்கக் கூடாது. வாயில் ஒரு துண்டு எலக்ட்ரிக்கல் டேப் ஒட்டுவது இங்கே பலருடைய பழக்கம், பெரியவரும் அதைச் செய்கிறார்.

மூன்றாவதாக, இரண்டு தோளிலும் மாட்டுகிற பள்ளிக்கூடப் பை மாதிரி வகை. ஒலிம்பிக்ஸில் பயாத்லான் பார்த்திருப்பீர்களே, பனிச்சறுக்கிக்கொண்டே போய்ச் சுடுவார்கள். அந்த ரைஃபிளுக்குக் குறைந்தபட்ச எடையே 3.5 கிலோ. அதை முதுகில் மாட்டிக்கொண்டு அந்த வேகத்தில் போகிறார்கள் என்றால் இரட்டைப் பட்டைதான் காரணம். வழுக்கல் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஐரோப்பிய வேட்டைக்காரர்களுக்கும் இந்த வகை விற்கிறார்கள். முதுகில் பை இல்லாவிட்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் வாங்கியிருப்பேன். பை இருக்கிறதே, என்ன செய்வது.

பை இருப்பவர்களுக்குப் பெரியவர் காட்டிய வழி வேறு. செங்குத்தான ஏற்ற இறக்கத்தில் வாரே வேண்டாம், துப்பாக்கியைப் பையின் பக்கவாட்டில் பட்டை போட்டுக் கட்டிவிடு என்றார். சுட வாய்ப்பே இல்லாத இடத்தில் சீக்கிரம் எடுக்க முடியவில்லையே என்று கவலைப்பட்டு என்ன பிரயோஜனம். மிருகம் இருக்கக்கூடிய இடம் வந்ததும் அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொள்வோம். வார் என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்துக்குத்தான். மரம் விழுந்து கிடந்த அந்தச் சரிவில் என் துப்பாக்கி பையில் கட்டியிருக்க வேண்டியது.

வாரை வைத்துச் சுடுவதும் உண்டு. இடது கையை வாருக்குள் நுழைத்துச் சுற்றி இறுக்கினால் துப்பாக்கி ஆடாமல் நிற்கும். அமெரிக்க ராணுவத்தின் எம்1907 தோல் வாரில் அதற்கென்றே தனி வளையம் உண்டு. நீளும் வாரில் இது நடக்கவே நடக்காது, இறுக்க இறுக்க இழுபட்டுக்கொண்டே போகும். நீளாத வார் வாங்க இதுவும் ஒரு காரணம்.

இந்த வருஷம் வாங்குவதற்கு முன் வீட்டிலேயே சோதித்தேன். அபார்ட்மெண்ட் மாடிப்படியில் துப்பாக்கியோடு ஏறி இறங்கினால் போலீஸ் வரும். அதனால் ஒரு மீட்டர் நீளத் துடைப்பக் கட்டை, அதில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு டேப் போட்டு ஒட்டினேன். ஏறக்குறைய 4 கிலோ. இரண்டு முனையிலும் வளையத் திருகு. முழு உடுப்பு, ஆரஞ்சு மேலங்கி, அரிசி மூட்டை போட்ட பை. நாலு மாடி, ஏறி இறங்கி 40 நிமிஷம். மூன்று வார்களைத் திருப்பி அனுப்பும் வசதியோடு வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். மூன்றாம் மாடி ஆன்ட்டி ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் அன்றிலிருந்து என்னைப் பார்த்தால் லிஃப்டில் ஏறுவதில்லை.

ஒரு தடவை கூடத் தோளைத் தூக்காமல் 40 நிமிஷம் ஓட்டியது ஒன்றே ஒன்றுதான். 4.5 செ.மீ. கான்வாஸ், மெழுகு பூசியது, அடியில் ரப்பர் கோடுகள், நீளவே நீளாது, பஞ்சு கிடையாது. மூன்றிலும் மலிவானது, பார்க்க ரொம்பச் சுமார். அதற்குக் கழற்றி மாட்டுகிற ஸ்விவல் இரண்டு தனியாக வாங்கினேன். வளையத்தின் அகலமும் பட்டையின் அகலமும் ஒத்துப்போக வேண்டும், 1 அங்குலம், 1¼ அங்குலம் என்று இரண்டு அளவு பரவலாகக் கிடைக்கும். என் பட்டை முனைகளில் குறுகி 1 அங்குலமாகிறது. முதலில் பெரிய அளவை ஆர்டர் போட்டுத் திருப்பி அனுப்பினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஸ்விவல் கட்டையில் உரசி கிரீச் என்றது, சின்ன ரப்பர் வளையம் ஒன்று போட்டதும் நின்றுவிட்டது.

பெரியவர் வாரைப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். பிறகு பட்டையை விட்டுவிட்டுக் கட்டையில் இருந்த ஸ்டட்டை விரலால் திருகினார். பின் ஸ்டட் கால் சுற்று சுற்றியது. மரக்கட்டையில் வருஷக்கணக்கில் இருந்து தளர்ந்திருக்கிறது. இவ்வளவு ஆராய்ச்சி செய்த நான் அதைத் தொட்டே பார்க்கவில்லை. அன்றைக்கு வழுக்காமல் இருந்திருந்தாலும் வேறொரு நாள் அது பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும். கழற்றி, கொஞ்சம் எபாக்ஸி வைத்து இறுக்கிக் கொடுத்தார். இப்போது கிளம்புவதற்கு முன் இரண்டு ஸ்டட்டையும் விரலால் திருகிப் பார்ப்பது என் செக்லிஸ்டில் முதல் வரி. இரண்டாவது வரி, சேம்பர் காலி.

அவ்வளவுதான் மக்களே. உங்களில் யாராவது கேமராவுக்கோ கிட்டாருக்கோ நீளும் பட்டை வாங்கியிருந்தால், தொங்கவிட்டு எத்தனை செ.மீ. நீள்கிறது என்று அளந்து எனக்கு அனுப்புங்கள், அதிர்வெண் கணக்கு போட்டுத் தருகிறேன். அடுத்த எபிசோட் ஹைக்கிங் ஷூ. என் கால் கட்டைவிரல் நகம் போன கதை அதில் வரும்.